ஏழு நாடு வேண்டாம், நாலு ஊர் போதும்

வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவில் கார் எடுத்துச் சுற்றுவது பற்றி வடசென்னைப் பக்கமிருந்து மட்டும் இந்தத் தடவை நிறையக் கடிதங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், அவற்றில் சிலவற்றை எடுத்து விரிவாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர் வாசகர்: வரும் மே மாதம் நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, ஆக ஐந்து பேர் கிளம்புகிறோம். 13 ராத்திரி. பாரிஸில் காரை எடுத்து பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், வெனிஸ் வழியாகப் போய் ரோமில் விட்டுவிடுவதாகத் திட்டம். வாடிகனையும் சேர்த்தால் ஏழு நாடு. எந்த ஊரிலும் இரண்டு ராத்திரிக்கு மேல் இல்லை. நடக்குமா?

கார் ஓடும், நீங்களும் ஓட்டிவிடுவீர்கள். ஆனால் அந்த நாலு வயதுப் பையனுக்கும் அப்பாவுக்கும் இது பயணமாக இருக்காது. உங்கள் வரைபடத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு முறை போவதை விட அதிகம். ரோடு நன்றாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் கிலோமீட்டரை விட எனக்குக் கவலை தருவது நீங்கள் ஆறு தடவை அறையைக் காலி செய்யப் போவது. ஊர் மாறும் நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் எழுந்து ஐந்து பேர் துணியையும் மடித்துப் பெட்டியில் அடைத்து, பிள்ளைகளுக்கு ஏதாவது ஊட்டி, காரில் சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கிளம்பும்போதே பத்து மணி ஆகிவிடும். கூகுள் மேப் ஐந்து மணி நேரம் என்று காட்டும் தூரத்துக்குச் சாப்பாடு, பாத்ரூம், வாந்தி, தூங்கி எழுந்த அழுகை எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் வேண்டும். போய்ச் சேர்ந்து பார்க்கிங் தேடி, சாவி வாங்கி, மாடி ஏறினால் அன்றைய பொழுது முடிந்தது. இப்படி ஆறு நாள். பதின்மூன்று ராத்திரிப் பயணத்தில் பாதி நாட்கள் காருக்குள்ளேயே கரைந்துவிடும், மிச்ச நாட்களில் எல்லாருக்கும் அசதி.

இன்னொரு விஷயம், பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ரோமிலும் கார் உதவி அல்ல, சுமை. பார்க்கிங்குக்கே பணம் போய்க்கொண்டிருக்கும். வெனிஸுக்குள் காரே போகாது, கரையில் இருக்கும் மெஸ்த்ரேயிலோ தீவின் ஓரத்திலோ நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் அதற்கென்று தனிக் கட்டணம் போடுவார்கள், அது சில சமயம் மொத்த வாடகைக்குச் சமமாகவே வந்து நிற்கும். அதனால் நான் சொல்வது இதுதான்: எடுத்த ஊரிலேயே காரை விடுகிற மாதிரி ஒரு சுற்று போடுங்கள். கார் இல்லாமல் முடியாத இடத்துக்கு மட்டும் காரை வையுங்கள். ஓர் ஊரில் மூன்று ராத்திரியாவது தங்கப் பாருங்கள். ஊர் மாறும் நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

அப்பா ஐ.சி.எஃப் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பார்த்ததுமே எனக்கு ஒரு வழி தோன்றியது. 1955-ல் பெரம்பூரில் அந்தத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது ரயில் பெட்டித் தொழில்நுட்பம் வந்தது சூரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஷ்லீரன் என்ற ஊரிலிருந்துதான். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது, கேட்டுப் பாருங்கள். சூரிக் ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயிலில் கொஞ்ச நேரம்தான். ஊரில் சுற்றிப் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் வாழ்நாள் முழுக்க அந்தப் பெட்டிகளோடு இருந்தவருக்கு அந்த பிளாட்பாரத்தில் பத்து நிமிடம் நிற்பது ஈபிள் டவரை விடப் பெரிதாக இருக்கலாம்.

சரி, வழி இதோ. விமானத்தில் சூரிக் போய் இறங்குங்கள். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், லூசெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே நாலு ராத்திரி, கார் கிடையாது. நாலு நாளைக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அதிலேயே அடக்கம். ஆறு வயதுக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் பதினைந்து வயது வரை அப்பா அம்மாவோடு போகும் பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசமாகவே தருவார்கள், பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். லூசெர்ன் போக்குவரத்து மியூசியத்தில் பழைய ரயில் என்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், தாத்தாவும் பேத்தியும் ஒரு நாள் முழுக்க வெளியே வர மாட்டார்கள். மலை ஏற வேண்டுமென்றால் 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக்கை விட்டுவிடுங்கள், அந்த உயரம் நாலு வயதுக்கும் ஒத்துவராது, அப்பா வயதுக்கும் ஒத்துவராது. ரிகி மலை 1,798 மீட்டர்தான். 1871-ல் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் ஓடியது அங்கேதான், அதற்கும் அதே பாஸ் செல்லும்.

முதல் நாட்களில் கார் வேண்டாம் என்பதற்கு முக்கியமான காரணம் தூக்கம். கோடையில் நமக்கும் அங்கேக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். பிள்ளைகள் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கண் சொக்கும், ஆனால் வெளியே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். இந்தக் குழப்பத்தில் இருக்கும்போது பழக்கமில்லாத பக்கத்தில் வண்டி ஓட்டக் கூடாது. ராத்திரி விமானத்தில் வந்து இறங்கிய அன்றே கார் எடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

லூசெர்னிலிருந்து சூரிக் வழியாக ஜெர்மனியின் மியூனிக்குக்கு ரயில். சூரிக்கிலிருந்து மூன்றரை மணி நேரம் போல ஆகும். மியூனிக்கில் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு மலையோர ஊரான பெர்க்டெஸ்காடன், 155 கிலோமீட்டர்தான். அங்கே மூன்று ராத்திரி. பிறகு ஃப்யூசன் பக்கம் மூன்று ராத்திரி, 230 கிலோமீட்டர் போல வரும், உங்கள் பயணத்தில் மிக நீளமான ஓட்டம் அதுதான். கடைசி ராத்திரிக்கு மியூனிக் திரும்பி, காரை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு விமானம். ஊர் விட்டு ஊர் போகும் தூரம் மொத்தம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சூரிக்கில் இறங்கி மியூனிக்கில் ஏறுகிற மாதிரி டிக்கெட் வளைகுடா வழியாகப் போகும் விமானங்களில் சாதாரணமாகவே கிடைக்கும்.

பெர்க்டெஸ்காடனில் உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. சுரங்கத் தொழிலாளி மாதிரி முழு அங்கி மாட்டிவிட்டு, சின்ன ரயிலில் மலைக்குள்ளே கூட்டிப் போவார்கள், உள்ளே மரச் சறுக்கில் சறுக்கி இறங்கி, நிலத்துக்கு அடியில் இருக்கும் உப்பு ஏரியில் தெப்பத்தில் போகலாம். பக்கத்திலேயே கோனிக்ஸே ஏரி. 1909-லிருந்து மின்சாரப் படகுகள்தான், அதனால் சத்தமே இல்லை. நடு ஏரியில் படகை நிறுத்திவிட்டுப் படகுக்காரர் ஊதுகொம்பை எடுத்து ஊதுவார், பாறைச் சுவரில் பட்டு எதிரொலி திரும்பி வரும். உங்கள் பையன் ஊருக்கு வந்து சொல்லப்போவது அதைத்தான். ஃப்யூசனிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனைக்கு உள்ளே போக மணி குறித்த டிக்கெட் வேண்டும், முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள். கீழே கிராமத்திலிருந்து மேலே ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், தள்ளுவண்டியை உள்ளே விட மாட்டார்கள். மியூனிக் திரும்பும் நாளில் கொஞ்சம் வழி மாறிப் போனால் க்யுன்ஸ்புர்க் ஊரின் லெகோலாண்ட் பொழுதுபோக்குப் பூங்கா, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியே மற்ற நாட்களை ஓட்டிவிடலாம்.

மே மாதம் முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மே கடைசி, ஜூன் தொடக்கம் என்றால் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை, தெற்கே போகும் ரோடெல்லாம் நிற்கும். ஆல்ப்ஸின் உயரமான மலைப்பாதைகள் பல மே மாதத்தில் பனியால் மூடியே கிடக்கும், அதனால் யூட்யூபில் பார்த்த கொண்டை ஊசி வளைவுகளை இந்தத் தடவை எதிர்பார்க்க வேண்டாம்.

கார் எடுக்கும்போது பின்சீட்டைப் பற்றி முதலில் யோசியுங்கள். ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழே, 150 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் குழந்தை இருக்கை கட்டாயம். அதாவது உங்கள் 9 வயது மகளுக்கும் பூஸ்டர், அதாவது உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை, வேண்டும். இரண்டு குழந்தை இருக்கைக்கு நடுவில் உங்கள் மனைவி உட்கார்ந்தால் சாதாரணக் காரில் இடுப்பை அசைக்க முடியாது. அதனால் ஏழு பேர் உட்காரும் வண்டியாக எடுங்கள். நடு வரிசையில் மூன்று தனித்தனி சீட் இருக்கிற மாடலா என்று கேட்டு, கடைசி வரிசையை மடித்துப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மூன்று பெரிய பெட்டிக்கு மேல் வேண்டாம், தங்குமிடத்தில் வாஷிங் மெஷின் இருந்தால் அதுவே போதும்.

விசா பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா, ஷெங்கன் விசா என்பார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் அது ஜெர்மனி, சூரிக்கில் முதலில் இறங்குவதால் ஒன்றும் மாறாது. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள், மார்ச்சில் ஊரே அங்கேதான் நிற்கும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாருக்கும் வேண்டும். பையனுடைய பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள், குழந்தைகளுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். விசா கையில் வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டும் புக் செய்யுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டுகிறவன் நான். ஐரோப்பாவில் ஓட்ட எனக்குத் தனியாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தம்பி, உங்கள் கை சரியாக இருக்கும், பழக்கம்தான் மாற வேண்டும். முதலில் காகிதம். உங்கள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். நம் அசல் லைசென்ஸையும் கூடவே கொண்டு போக வேண்டும், அது இல்லாமல் இதற்கு மதிப்பில்லை. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், வாடகைக் கம்பெனிகள் டெபாசிட்டை அதில்தான் பிடித்து வைக்கும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். கியர் வண்டிதான் அங்கே மலிவு, ஆனால் வலப்பக்கம் ஓட்டும்போது வலது கையால் கியர் போடும் வேலையும் சேர்ந்தால் முதல் நாள் திணறும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஆட்டோமேட்டிக் எடுங்கள்.

அப்புறம் ரோடு. போர்டு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். சின்னத் தெருவிலிருந்து வந்தாலும் அவர் நிற்காமல் வருவார், நீங்கள் நிறுத்துவீர்கள் என்று முழுதாக நம்பி வருவார். நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வலப்பக்கம் திரும்பும்போது பின்னால் நேராகப் போகும் சைக்கிளைக் கண்ணாடியில் பாருங்கள், அவருக்குத்தான் முன்னுரிமை. ஆபத்துக்கு மட்டும்தான் ஹாரன். ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் சில பகுதிகளில் வேக வரம்பு இல்லை, 130 என்பது பரிந்துரை மட்டும். ஆனால் இடது லேன் முந்துவதற்கு மட்டும்தான், முந்தி முடித்ததும் வலப்பக்கம் வந்துவிடுங்கள், பின்னாலிருந்து 200-ல் ஒரு வண்டி வரும். ஆஸ்திரியா, இத்தாலியில் 130, சுவிட்சர்லாந்தில் 120, கேமரா எல்லா இடத்திலும் உண்டு.

டிராபிக் நின்றுவிட்டால் ஒன்று கவனியுங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இடக்கோடி லேனில் நிற்பவர்கள் இடது ஓரத்துக்கும் மற்றவர்கள் எல்லாரும் வலப்பக்கத்துக்கும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸுக்கு ஒரு பாதை விடுவார்கள். சைரன் கேட்ட பிறகு அல்ல, வண்டிகள் ஊர ஆரம்பித்தவுடனே. விடாதவர்களுக்கு அபராதம் உண்டு. அந்தப் பாதை காலியாக இருக்கிறதே என்று யாரும் உள்ளே நுழைவதில்லை, நீங்களும் நுழையாதீர்கள்.

ஜெர்மனி மோட்டார்வேயில் காருக்கு டோல் இல்லை. சுவிட்சர்லாந்தில் 40 பிராங்குக்கு வருட ஸ்டிக்கர், ஒரு நாள் போனாலும் அதே 40. ஆஸ்திரியாவில் ஒரு நாள், பத்து நாள் என்று தனித்தனியாகக் கிடைக்கும். பெட்ரோல் நாமே போட்டுக்கொண்டு கடைக்குள் போய்ப் பணம் கட்ட வேண்டும், மூடியின் உள்பக்கம் எந்த எரிபொருள் என்று எழுதியிருக்கும், கார் எடுத்த அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரில் நீல நிறத்தில் அட்டைக் கடிகாரம் ஒன்று கிடக்கும். சில பார்க்கிங்கில் காசு இல்லை, அதற்குப் பதில் அந்த முள்ளை நீங்கள் வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக்குத் திருப்பிக் கண்ணாடிக்கு முன்னால் வைக்க வேண்டும். 10.10-க்கு வந்தால் 10.30. வைக்க மறந்தால் சீட்டு எழுதிவிடுவார்கள். நெடுஞ்சாலை பாத்ரூமுக்குப் பல இடங்களில் ஒரு யூரோ, சில்லறை வைத்திருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குட்டிக் கதவு இருக்கும், இலவசம்.

காசிமேடு வாசகி: என் மகனுக்கு 3 வயது. சோறும் தயிரும், கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் இருந்தால்தான் சாப்பிடுவான். என்ன கொண்டு போகலாம் அக்கா?

கருவாடு கொண்டு போகலாம் அம்மா, ஆச்சரியப்படாதீர்கள். ஐரோப்பிய யூனியனுக்குள் இறைச்சியும் பால் பொருளும் வெளிநாட்டிலிருந்து எடுத்து வரத் தடை, அதனால் நெய், பால்கோவா, பால் ஸ்வீட் எதுவும் பெட்டியில் வேண்டாம். மீனுக்கு ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடு அதற்குள் அடங்கும். நன்றாகக் காய்ந்ததாக, காற்றுப் புகாத பாக்கெட்டில் கட்டுங்கள். வறுக்கும்போது மட்டும் கவனம், வாடகை வீட்டில் கூரையிலேயே புகை அலாரம் இருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் அந்த வாசனை புதிது. ஜன்னலைத் திறந்து, மூடி போட்டுச் செய்யுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் மாங்காயும் கொண்டு போகாதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் அரிசி போதும், அரிசி அங்கேயும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். தயிருக்குக் கவலையே இல்லை, சர்க்கரை போடாத சாதா யோகர்ட் என்று பார்த்து வாங்குங்கள், நம் தயிரை விடக் கெட்டியாக இருக்கும். ஹோட்டலை விட, சமையலறை உள்ள அபார்ட்மென்டாகப் பாருங்கள். சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போகலாம், மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் கடைகள் மூடியிருக்கும், மே மாதத்தில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய. சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வையுங்கள், மறந்துபோனால் பெரிய ரயில் நிலையத்துக்குள் கடை திறந்திருக்கும். பாரிஸ் போனால் லா ஷப்பேல் தெருக்களில் நம் கடைகள் வரிசையாக இருக்கும், பெரும்பாலும் ஈழத் தமிழர் கடைகள். ஜெர்மனியில் ஹம் ஊர் வழியாகப் போகிறவர்கள் காமாட்சி அம்மன் கோவிலுக்கும் போய்வரலாம், ஆட்டோபானிலிருந்து பக்கம்தான்.

ராயபுரம் வாசகி: என் அண்ணன் குடும்பம் இத்தாலியில் கார் ஓட்டிவிட்டு வந்தது. பல மாதம் கழித்து அபராதக் கடிதங்கள் வருகின்றன. போலீஸ் யாரும் நிறுத்தவே இல்லையாம். இது ஏமாற்று வேலையா?

பெரும்பாலும் இல்லை அம்மா. புளோரன்ஸ், பீசா, ரோம் போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். நுழையும் இடத்தில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட போர்டு, கீழே 'இசட்.டி.எல்' என்று இருக்கும், மேலே கேமரா.  வாடகைக் கம்பெனி உங்கள் விலாசத்தைக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு கட்டணமும் கார்டில் எடுத்துக்கொள்ளும். கடிதத்தில் இருக்கும் தேதி, நேரம், வண்டி எண்ணை வாடகை ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒத்துப்போனால் சீக்கிரம் கட்டிவிடுவது நல்லது, தாமதித்தால் தொகை ஏறும். இனிப் போகிறவர்கள் ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு டிராமிலோ பஸ்ஸிலோ உள்ளே போங்கள். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்து தர முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: ஷெங்கன் விசாவிலேயே லண்டனையும் பார்த்துவிடலாமா?

முடியாது. இங்கிலாந்துக்குத் தனி விசா, தனிக் கட்டணம். பிள்ளைகளோடு போகும் முதல் பயணத்தில் லண்டனைச் சேர்க்காதீர்கள்.